இலைமேல் வைத்த கை

மகனே! நேற்று மாலை உன் அறிவிப்பைக் கண்டு கைப்பேசிக் குடும்பக் குழுவில் பூங்கொத்தும் கூப்பிய கையும் பொழிந்த உற்றாரே! அடுத்தவர் உழைப்பை அள்ளி வழங்குவதில் கார்முகிலையே நாணச் செய்யும் கொடையாளர்களே! அனைவரும் கேளுங்கள். இது ஒரு தாய் தன் மகனுக்கு எழுதும் மடல். ஆனாலும் இதை உறையில் இட்டு ஒட்டப்போவதில்லை. ஊர் பார்க்க என் பெயரால் நீ ஒரு வாக்களித்தாய். ஊர் பார்க்கவே அதை உன்னிடம் திருப்பித் தருகிறேன். என் வழக்கு நீண்டதன்று. உன் தந்தையின் உடலை என் இரு கைகளும் தாங்கிக்கொண்டிருக்கும் வேளையில், என்னைக் கேளாமலே அந்தக் கைகளை நீ பிறருக்குக் கொடுத்துவிட்டாய். இதுவே நான் சாட்டும் குற்றம். இதற்கு விடை சொல்லிவிட்டு நீ வேறு பேச்சுக்குப் போ.

நீ எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே தருகிறேன். “பொன்னி கல்யாணத்துக்கு அம்மா ரெண்டு நாளும் மண்டபத்துலயே இருப்பாங்க. நலங்கு, சேலை எடுத்துக் குடுக்கிறது எல்லாம் அவங்கதான் முன்ன நின்னு செய்வாங்க. திருநெல்வேலிலேந்து வர்றவங்க மயிலாப்பூர் வீட்லயே தங்கிக்கலாம். அப்பாவுக்கு ஆள் போட்டுக்கலாம், யாரும் கவலப்படாதீங்க.” பொன்னி உன் சித்தப்பாவின் மகள், நான் தூக்கி வளர்த்த குழந்தை. அவள் திருமணத்தில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆயினும் வரும் வியாழனும் வெள்ளியும் நான் எங்கே இருப்பேன் என்பதை எனக்கு அறிவித்தது உன் கைப்பேசிச் செய்தி. அதன் கீழே நான் எழுதினேன்: “நான் வரவில்லை. வீட்டில் எவரும் தங்க இயலாது.” இதைவிடத் தெளிவாகத் தமிழில் எழுத முடியுமா? உடனே உன் சித்தி எழுதினாள்: “அக்கா சும்மா வெளையாடுறாங்க.” சித்தப்பா எழுதினார்: “அண்ணி அப்படித்தான் சொல்லுவாங்க, பாருங்க, மொத ஆளா வந்து நிப்பாங்க.” நீ என்ன எழுதினாய்? ஒன்றும் எழுதவில்லை. சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டாய். வாழ்நாளெல்லாம் பட்டிமன்ற மேடையேறிச் சொல்லால் வாழ்ந்தவள் நான். என் சொல்லுக்கு என் மகன் அளித்த விடை, மஞ்சள் நிறத்தில் பல்லிளிக்கும் ஒரு பொம்மை.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் திருமணப் பந்தியை நினைத்துப் பார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பாயச வாளியோடு உன் தந்தை வரிசை வரிசையாக நடந்தார். நீரிழிவு நோயாளியான என் அண்ணன் இரண்டு கைகளாலும் இலையை மூடிக்கொண்டார். “வேணாம் மாப்ள, சொன்னாக் கேளுங்க, சுகர் ஏறிக்கும்” என்று கெஞ்சினார். “எங்க வீட்டுப் பந்தியில வேணாம்ங்கிற பேச்சே கெடையாது மச்சான்!” என்று முழங்கிய உன் தந்தை, அகப்பையை அவர் புறங்கையின்மேலேயே கவிழ்த்தார். முந்திரியும் சேமியாவும் விரலிடுக்கில் வழிந்தன. பந்தியே குலுங்கிச் சிரித்தது. மணக்கோலத்தில் இருந்த நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். அன்று முதல் இன்றுவரை நம் வீட்டு விழாக்களில் அந்தக் கதை சொல்லப்படாத நாளில்லை. நம் குடும்பத்தில் ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் அதை யாரும் மறுப்பாகக் கொள்வதில்லை. அது பணிவு, கூச்சம், இன்னும் ஒரு முறை வற்புறுத்துமாறு விடுக்கும் அழைப்பு. இலைமேல் வைத்த கை, அதன் மேலேயே பரிமாறுவதற்கு வைத்த கை. இந்தப் பழக்கத்தை நீங்கள் விருந்தோம்பல் என்று பெயரிட்டு வளர்த்தீர்கள். அது பந்தியை விட்டு வெளியேறி என் நாள்களுக்குள் நுழைந்து, இப்போது உன் தந்தையின் தொண்டைக்குள்ளும் நுழைந்துவிட்டது.

அந்தப் பாயச வாளிக்காரர் இன்று எப்படி இருக்கிறார் என்று உனக்குத் தெரியுமா? பக்கவாதம் அவர் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. பேச்சை எடுத்துக்கொண்டது. தன் கடையில் நின்று பேசினால் தெருக்கோடிவரை கேட்ட அந்தக் குரலில் இப்போது மிஞ்சியிருக்கும் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் தெளிவாக, நேராக, பொருளறிந்து அவர் சொல்வது ஒரு சொல்தான்: “வேணாம்.” போர்வை வேண்டாம் என்றால் அவருக்குப் புழுங்குகிறது. கஞ்சி வேண்டாம் என்றால் தொண்டை சோர்ந்துவிட்டது. அதற்குமேல் ஒரு கரண்டி கொடுத்தாலும் அது உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அடையாற்று மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி அளிக்கும் பெண் அதை எனக்குப் பல நாள் இருந்து கற்பித்தாள். முதுகை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். முகவாயைச் சற்றே தாழ்த்த வேண்டும். இடப்பக்கக் கன்னத்தில் கரண்டியை வைக்க வேண்டும். தொண்டைமுடிச்சு ஏறி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரானாலும் மாவு கலந்து கூழ்போல் ஆக்கித்தான் தர வேண்டும். ஒரு கிண்ணக் கஞ்சிக்கு ஒரு மணி நேரம். பிறகு புண் வராமல் உடலைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். துணி மாற்றி முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்து நிற்கும். இது என் நாள். இந்த நாளுக்குள் எந்த மூலையில் உன் சித்தி வீட்டு நலங்கைச் செருகப் பார்க்கிறாய்?

மேடைக்காரர்கள் என்னை விட்டுவிட்டார்கள். கோடைக்கும் பொங்கலுக்கும் என் குரலைக் கேட்டுப் பழகிய விழாக்குழுவினர், தொலைபேசியில் அழைத்து ஒரே முறை கேட்டார்கள். “இயலாது ஐயா, கணவரைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். “புரியுதும்மா, உடம்பப் பாத்துக்குங்க” என்று வைத்துவிட்டார்கள். முன்பின் அறியாதவர்களுக்கு விளங்கிய தமிழ், என் உதிரத்துக்கு விளங்கவில்லை! அமெரிக்கத் தூதரக நேர்காணலுக்கு வந்த ஒன்றுவிட்ட தங்கை மகன் நம் கூடத்தில் படுத்தான். விடுதியில் இடம் கிடைக்கும்வரை என்று வந்த பெண் ஒரு பருவம் முழுதும் தங்கினாள். அழைப்பிதழில் பிழை திருத்த நான், அண்ணன் தம்பி சண்டையைத் தீர்த்துவைக்க நான், அறுபதாம் திருமணத்தில் வாழ்த்துரைக்க நான். அவை எல்லாம் உன் தந்தை நடந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்கியவை. அவர் விழுந்தபின் குறைந்திருக்க வேண்டியவை. குறைந்தனவா? “பெரியம்மா வீட்லதான எப்பவும் இருக்காங்க” என்று பெருகின! நோயாளியோடு வீட்டில் அடைந்து கிடப்பவள் உங்கள் கண்ணுக்கு வேலையற்று வீட்டில் இருப்பவளாகத் தெரிகிறாள்.

சேலை எடுத்த நாளுக்கு வருகிறேன். நீ அஞ்சும் நாள் அது. அதனால்தான் ஊரறியச் சொல்கிறேன். முகூர்த்தப் பட்டை முதலில் தொட்டெடுக்கக் குடும்பத்தின் மூத்த சுமங்கலி வர வேண்டுமாம். என்னால் இயலாது என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்வதற்குள் உன் சித்தப்பாவின் மகிழுந்து வாசலில் நின்றது. நீயும் வந்து நின்றாய். “நான் அப்பாகூட உக்காந்துக்கிறேன், நீ போயிட்டு வாம்மா, பாவம் சித்தி கேக்கறாங்கல்ல” என்றாய். அந்தப் பயிற்சிப் பெண் எனக்குச் சொன்ன அத்தனையையும் நின்ற நிலையில் உனக்குச் சொன்னேன். தண்ணீர்போல் எதையும் கொடுக்காதே என்றேன். நீ கைப்பேசியில் விரலை ஓட்டியபடியே “சரிம்மா, சரிம்மா” என்றாய். அந்தச் ‘சரி’யை நம்பித்தான் படியிறங்கினேன்.

தியாகராயநகர் பட்டுக்கடையின் மேல்மாடியில் வெள்ளை விரிப்பின்மீது அரக்கும் மாம்பழ மஞ்சளுமாகச் சேலைகளை மலைபோல் குவித்துவைத்திருந்தார்கள். உன் சித்தி என் கையைப் பிடித்து இழுத்து முன்னே உட்காரவைத்தாள். “மொதல்ல நீங்க தொடுங்கக்கா, அப்புறந்தான் மத்தவங்க.” “உன் மகளுக்குப் பிடித்ததை அவளே எடுக்கட்டுமே வடிவு” என்றேன். “அதெல்லாம் அவ அப்புறமா எடுப்பா. அத்தான் படுத்த படுக்கையா இருந்தாலும் உசுரோட இருக்காருல்ல, அது போதும்க்கா. அந்த ராசி எம்புள்ளைக்கு வேணும்” என்றாள். கடைக்காரப் பையனோ, “பெரியம்மா கை பட்டா பட்டே மின்னுதும்மா” என்று தன் பங்குக்குப் பூச்சூட்டினான். அதே கடையில், கீழ்த்தளத்து நாற்காலியில், உன் அத்தை அமர்ந்திருந்தார். உன் தந்தையின் அக்கா. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து இரண்டு பேருந்து மாறி ஆசையோடு வந்தவர். பட்டின் எடையை விரல்நுனியில் அறிபவர். வேலையும் இல்லை, வீட்டில் நோயாளியும் இல்லை. திருமண வேலை எதைக் கொடுத்தாலும் பாட்டோடு செய்பவர். ஆனால் கணவரை இழந்தவர். ஆகவே அவர் மேலே வரக்கூடாது. “அண்ணி, உங்களுக்குப் படியேற முட்டி வலிக்கும், கீழ இருங்க” என்று நாகரிகமாக நிறுத்திவைத்திருந்தார்கள். வர விரும்பியவரைப் படிக்கட்டில் தடுத்து, வரவே இயலாதவளைப் படுக்கையருகிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த உங்கள் அறிவை நான் எந்தச் சொல்லால் புகழ்வேன்?

அப்போதுதான் உன் அழைப்பு வந்தது. “அம்மா, அப்பா இருமிக்கிட்டே இருக்காரு, நிக்க மாட்டேங்குது.” சேலையை விரிப்பில் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். பாண்டி பசார் நெரிசலில் சித்தப்பாவின் மகிழுந்து எங்கோ நிறுத்தப்பட்டிருந்தது. கிடைத்த ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இன்னாம்மா, சேல எட்க்க வந்தவங்க ஜாலியா போவாங்க, நீ இன்னா யாரோ தொரத்திக்கினு வர்ற மாரி ஓடியாற?” “வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலப்பா. மயிலாப்பூர். சீக்கிரம் போ.” “அய்யய்ய. பெருசு தனியாவா கீது?” “பையன் கூட இருக்கான்.” “பையன் கீறான்ல? அப்பறம் இன்னாத்துக்கும்மா இப்டி பதர்ற?” “நீ போப்பா” என்று முன்னிருக்கைக் கம்பியைப் பற்றிக்கொண்டேன். அவரே பிறகு ஏதோ புரிந்துகொண்டவர்போல் ஒலிப்பானை அழுத்தி, “யோவ், தள்ளுய்யா, ஆஸ்பத்திரி கேசு!” என்று கூவிக்கொண்டே ஒருவழிப் பாதையில் புகுந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது உன் தந்தையின் உதடுகள் நீலமாக இருந்தன. தலையணையில் சாய்ந்து கிடந்தார். நிமிர்த்தி உட்காரவைக்கவும் உனக்குத் தோன்றவில்லை. மேசைமேல் சீவிய இளநீர் ஒன்று, அதில் ஒரு நீண்ட உறிஞ்சுகுழல். தெருமுனையில் வாங்கிவந்திருந்தாய். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று நினைத்தாயாம். அன்போடு செய்தாய், அதை நான் மறுக்கவில்லை. அன்போடு ஊற்றப்பட்ட அந்த இளநீர் அவர் நுரையீரலுக்குள் போயிற்று. மாலைக்குள் காய்ச்சல் கொதித்தது. மருத்துவமனையில் அவருக்கு மூச்சுக்குழல் பொருத்தியபோது, எப்படி நேர்ந்தது என்று மருத்துவர் கேட்டார். என் எதிரிலேயே நீ சொன்னாய்: “வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு டாக்டர். சும்மா ரெண்டு வாய்தானேன்னு நாந்தான் குடுத்தேன்.”

அந்த ஒரு தொடரை நான் இன்றுவரை விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். எல்லாச் சொல்லையும் இழந்த மனிதனுக்கு எஞ்சியிருந்தது ஒரு சொல். தன் உயிரைக் காத்துக்கொள்ள அந்த ஒன்றை அவர் உன்னிடம் நீட்டினார், ஒரு முறைக்கு இரு முறையாக. நீ உன் திருமணப் பந்தியில் கண்டதை அவருக்கே திருப்பிச் செய்தாய். இலையை மூடிய கையின்மேல் ஊற்றினாய். அன்று வழிந்தது பாயசம், துடைத்துவிட்டுச் சிரித்தோம். இதை எதைக் கொண்டு துடைப்பாய்? மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நீ சுவரில் சாய்ந்து அழுததைப் பார்த்தேன். அது பொய்யழுகை அன்று. கண்களைத் துடைத்த அதே கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நீ அடுத்துக் கேட்டாயே, அதை மறந்துவிட்டாயா? “அப்பா டிஸ்சார்ஜ் ஆயிட்டா அப்புறம் நீ ஃப்ரீதானேம்மா? சித்தி பத்திரிகை வைக்கப் போறாங்க, கூட ஒரு பெரியவங்க வேணுமாம்.” என் சினம் அந்த நொடியில் பிறந்தது. இளநீருக்காக உன்னை மன்னிக்கலாம்; அறியாமை. அந்தக் கேள்வியை எப்படி மன்னிப்பேன்?

உன் சித்தி சொல்லும் ‘சுமங்கலி’ என்ற சொல்லுக்குத் தூய தமிழில் ‘வாழ்வரசி’ என்பார்கள். மேடைகளில் நானே பெருமிதத்தோடு ஒலித்த சொல். இன்று அதன் உட்பொருளைக் கேள். என் கணவர் மூச்சுவிடுகிறார் என்பதற்காக நீங்கள் என்னைத் தேடுகிறீர்கள். அவர் மூச்சின் பயன் உங்கள் மணமேடைக்கு வேண்டும்; என் நெற்றிப் பொட்டு உங்கள் பட்டுக்கு வேண்டும். ஆனால் அந்த மூச்சைக் கரண்டி கரண்டியாக நிறுத்திவைத்துக்கொண்டிருப்பவளை, அந்தப் படுக்கையருகிலிருந்து எழுந்துவரச் சொல்கிறீர்கள். விளக்கின் ஒளி வேண்டும் என்று சொல்லி, எண்ணெய் ஊற்றும் கையைப் பிடித்து இழுக்கிறீர்கள்! அவர் இருந்தால் நான் மங்கலம்; அவர் போய்விட்டால் அடுத்த திருமணத்தில் எனக்கும் கீழ்த்தளத்து நாற்காலி; எனக்கும் முட்டிவலி. சேலைக்கடையில் உன் அத்தையின் முகத்தைப் பார்த்த நொடியில் என் வருங்காலத்தைப் பார்த்தேன். அந்தப் பொட்டை நம்பி இனி எந்த மேடையிலும் ஏற மாட்டேன்.

நீ சொல்லப்போகும் விடைகளும் எனக்குத் தெரியும். ‘ரெண்டு நாள்தானேம்மா’ என்பாய். உன் தந்தையை நீலமாக்க ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. ‘ஆள் போட்டுக்கலாம்’ என்பாய். காசுக்கு வரும் ஆளை நான் இழிவாகச் சொல்லமாட்டேன். அவர்களும் வயிற்றுக்காக உழைப்பவர்கள். ஆனால் பெற்ற மகனாகிய நீயே படிக்காத தொண்டையை, வியாழன் காலையில் வரும் புதியவர் வியாழன் காலையிலேயே படித்துவிடுவாரா? ‘ஊர் என்ன சொல்லும்’ என்பாய். ஊர் சொல்லட்டும், அந்த ஊர் ஒரு நாளேனும் வந்து உன் தந்தையைத் திருப்பிப் படுக்கவைத்ததா? ‘நீதாம்மா என்ன இப்படி வளத்த’ என்றும் ஒரு நாள் சொல்வாய். அந்தக் குற்றச்சாட்டுக்குத் தலைகுனிய எனக்கு இப்போது நேரமில்லை. கஞ்சி அடுப்பில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவன் தன் வளர்ப்பைத் தானே திருத்திக்கொள்ளலாம்.

ஒன்றைக் கற்றுக்கொள், மகனே. ஏற்கெனவே சுமப்பவரிடம் நீ எதையாவது கேட்டால், ‘முடியுமா’ என்று கேள், விடைக்காக நில். விடை ‘இல்லை’ என்றால் நகைக்காதே, வற்புறுத்தாதே, ஏன் என்றும் கேளாதே. காரணம் சொல்லச் சொல்வதே பாதி வற்புறுத்தல். நாங்கள் ஒரு காரணம் சொல்வோம். நீங்கள் அதற்கு ஒரு மாற்று வழி சொல்வீர்கள். அந்த வழியில் எங்களைத் தள்ளிக்கொண்டு போவீர்கள். அதனால் இனி என் மறுப்புக்குக் காரணம் கிடையாது. உன் நாளில் உனக்கும் இப்படி ஒரு படுக்கை வாய்க்கலாம். அன்று உன்னிடம் யாராவது சிரித்த முகத்தோடு ஒரு வேலையை நீட்டும்போது இந்த மடல் உனக்கு உதவட்டும்.

இந்தக் குடும்பத்தில் ஒருத்திக்கு மட்டும் இது விளங்கியது. சென்ற வாரம் பொன்னி தனியாக இங்கே வந்தாள், யாரிடமும் சொல்லாமல், அலுவலகத்திலிருந்து நேராக. படுக்கையருகே முழங்காலிட்டு உன் தந்தையின் இடக்கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒரு பால்கோவாப் பொட்டலம் எடுத்து, “பெரியப்பா, ஒரு துளி வாயில வைக்கட்டா?” என்று கேட்டாள். அவர் “வேணாம்” என்றார். “சரி பெரியப்பா” என்று அப்போதே மடித்துப் பைக்குள் போட்டாள். அவ்வளவுதான். இன்னொரு முறை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் தந்தை அவளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த முகத்தின் ஒரு பாதி சிரித்தது. புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள்: “பெரியம்மா, நீங்க மண்டபத்துக்கு வர வேணாம். நான் கேக்கவே இல்ல. என் ஆசீர்வாதத்த நான் வாங்கிட்டேன். எனக்குச் சேலை அத்தைதான் எடுத்துக் குடுக்கணும், ஆசையா இருக்கு. எங்கம்மாவுக்குத்தான் அதச் சொல்ல தைரியம் இல்ல. அண்ணன் சொன்னா கேப்பாங்க.” அண்ணன் என்று அவள் சொன்னது உன்னைத்தான். நீ என்ன செய்தாய்? அவள் கேட்டதைச் சித்தியிடம் சொல்லாமல், என்னைக் குழுவில் ஏலம் விட்டாய். அவள் உன்னிடமும் கேட்டாள் என்பதை அவளே எனக்குச் சொன்னாள், மறுக்காதே.

ஆகவே, மகனே, இன்று ஞாயிற்றுக்கிழமை. உனக்கு அலுவலகம் இல்லை. இந்த வரியைப் படித்து முடித்ததும் எழுந்து நில். கைப்பேசியை எடு. உன் பெயரில், அதே குழுவில், ‘அம்மா வரமாட்டார். மயிலாப்பூர் வீட்டில் யாரும் தங்க முடியாது. நான் கேளாமல் எழுதியது தவறு’ என்று எழுது. சிரிக்கும் பொம்மை போடாதே. அடுத்து உன் சித்தியை அழைத்து, மணமேடையில் சேலையை எடுத்துக் கொடுக்கப்போவது உன் அத்தை என்று சொல். மணப்பெண்ணின் விருப்பம் அது என்று சொல். முட்டிவலிக் கதை இனிச் செல்லாது என்றும் சொல். வெள்ளியன்று நீ தங்கைக்கு அண்ணனாக மண்டபத்தில் நில். நான் இங்கே என் கணவரோடு இருப்பேன். இருவருக்கும் அதுவே இடம்.

ஆனால் அதற்கு முன், இன்று, இப்போது, புறப்பட்டு இங்கே வா. கொட்டிவாக்கத்திலிருந்து மயிலாப்பூர் கடல்கடந்த நாடன்று. கைகளைக் கழுவிக்கொண்டு படுக்கையருகே உட்கார். முதுகை எப்படி நிமிர்த்துவது, முகவாயை எவ்வளவு தாழ்த்துவது, மாவை எவ்வளவு கலப்பது என்று காட்டுகிறேன். நண்பகல் கஞ்சியை நீ ஊட்டு. பாதிக் கிண்ணம் இருக்கும்போதே உன் தந்தை “வேணாம்” என்பார். நீ கரண்டியைக் கீழே வை.